மோட்டார் ஹோமின் ஹைட்ராலிக் ஜாக்குகள்: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார் ஹோம் ஒன்றை, பயன்படுத்தியதாக வாங்கியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் மட்டப்படுத்தும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்குகளில் ஒன்று விடிவதற்குள் சற்றே உள்வாங்க, வண்டியின் அந்த மூலை இறங்கிவிடுகிறது. பம்ப் முனகிக்கொண்டு மெதுவாக ஓடுகிறது. ஆயிலை எப்போது மாற்றுவது, பம்பையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள் என்பதே என் முதல் பதில். இந்த அமைப்பில் இருக்கும் சிறிய கியர் பம்ப், வண்டியை நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் ஓரிரு நிமிடங்கள் மட்டுமே ஓடுவதால், அது ஓடித் தேய்ந்து போவது அரிது. இந்த அமைப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை: ஜாக்கிலிருந்து கீழே நீளும் ராடில் ஒட்டும் மண்ணும் உப்பும், தொட்டிக்குள் புகும் நீர், மின் இணைப்புகளில் பூக்கும் துரு. ஆகவே பராமரிப்பின் பெரும்பகுதி துடைப்பதும், பார்ப்பதும், மல்டிமீட்டரை வைத்து அளப்பதும்தான். ஸ்பேனரை எடுப்பது கடைசியில்.

அமைப்பு எளிமையானது. 12 வோல்ட் மோட்டார் ஒன்று பம்பைச் சுழற்ற, பம்ப் தொட்டியிலிருந்து ஆயிலை இழுத்து வால்வுத் தொகுதிக்கு அனுப்புகிறது. அங்குள்ள, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள் எந்த மூலைக்கு ஆயில் போக வேண்டுமோ அந்த வழியை மட்டும் திறக்கின்றன. ஜாக்கின் ராடு தரைநோக்கி இறங்குவது ஆயிலின் அழுத்தத்தால். மேலே ஏறுவது இரண்டு விதம். சிலவற்றில் பக்கங்களில் மாட்டிய ஸ்பிரிங்குகள் ராடை இழுத்து ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். இவை ஒருவழி ஜாக்குகள். மற்றவற்றில் பம்பே எதிர்ப்பக்கமாக ஆயிலைச் செலுத்தி ராடை ஏற்றும். இவை இருவழி ஜாக்குகள். உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை முதலில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஸ்பிரிங் தெரிந்தால் ஒருவழி என்று கொள்ளலாம். பின்னால் சொல்லப்போகும் பழுதறியும் முறை இதைப் பொறுத்தே மாறுகிறது.

குனிந்து பார்ப்பது பற்றிச் சொன்னதால், பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஜாக்குகள் வண்டியை மட்டப்படுத்துவதற்கானவை. வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் ஒருவரைப் படுக்க வைப்பதற்கானவை அல்ல. ஒரு ஹோஸ் பிளந்தாலோ ஒரு வால்வு திறந்துகொண்டாலோ பல டன் எடை ஒரே மூச்சில் இறங்கிவிடும். அடியில் போக வேண்டியிருந்தால், வண்டியின் எடைக்கு ஏற்ற தாங்கு ஸ்டாண்டுகளை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் கீழ் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டயர் மாற்றவும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அழுத்தம் உச்சத்தில் 200 பார் அளவுக்குப் போகக்கூடியது என்பதால், கசிவைத் தேடும்போது ஹோஸின் மீது கையை ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து: ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அலட்சியம் செய்தால் விரலையே இழக்க நேரும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தாலே ஆயில் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி ராடுக்கு வருவோம். என்னைக் கேட்டால், பராமரிப்புக்கென ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். ராடின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளக்கும் குரோம் பூச்சு. அது சிலிண்டருக்குள் நுழையும் வாயில், தூசியைத் துடைக்கும் ஒரு ரப்பர் வளையமும், அதற்கு உள்ளே ஆயிலைத் தடுக்கும் சீலும் இருக்கின்றன. வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடில் சேறும் உப்புக்காற்றும் படிகின்றன. கிளம்பும்போது அதை அப்படியே உள்ளே இழுத்தால், மணல் துகள் ஒவ்வொன்றும் சீலின் உதட்டில் கீறல் போடும். ஆகவே ஜாக்கை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு ராடையும் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, சிலிகான் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடித்து, மிகுந்ததைத் துடைத்தெடுங்கள். கிரீஸ் பூசுவது பலருடைய வழக்கம். அது மசகு போலத் தோன்றினாலும் தூசியைப் பிடித்து வைத்து உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. நெடுநாள் ஜாக் இறங்கியே இருக்குமானால் வாரம் ஒருமுறையும், கடலோரப் பகுதியானால் இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறையும் ராடில் சிலிகான் அடிக்கச் சொல்லும் தயாரிப்பாளர் கையேடுகள் உண்டு. அது மிகையான அறிவுரை அல்ல.

துடைக்கும்போதே ராடைச் சோதித்துவிடலாம். கட்டைவிரல் நகத்தை ராடின் நீளவாக்கில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரியும் பழுப்புப் புள்ளி, நகத்தில் தட்டாமல் போனால் மேலோட்டமான அழுக்கு. துணியில் ஆயில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நகம் அதில் இடறினால், குரோம் பூச்சில் குழி விழுந்து அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு முறையும் சீலைச் சீவும். இந்த நிலையில் சீலை மட்டும் மாற்றுவது பணத்தை வீணடிப்பது. புதிய சீலும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும். ராடையோ ஜாக்கையோ சேர்த்து மாற்ற வேண்டியதுதான். ராடின் மீது மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. அது சீல் தன் வேலைக்குத் தேவையான மசகை வைத்துக்கொள்வது. அடிப்பாதத் தட்டில் ஆயில் சொட்டி நின்றால்தான் கசிவு. உயர் அழுத்த நீரால் வண்டியைக் கழுவுகிறவர்கள் அந்த முனையைச் சீலின் வாய்க்கு நேராகப் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆயிலைப் பொறுத்தவரை, பெரும்பாலான அமைப்புகள் தானியங்கி கியர்பெட்டிகளுக்கான சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயிலில் இயங்குகின்றன, டெக்ஸ்ரான் வகையைக் கையேடுகள் அதிகம் குறிப்பிடுகின்றன. சில தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த ஆயிலையே வற்புறுத்துவதால், தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டையோ கையேட்டையோ பார்த்தே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அது கிளைக்கால் அடிப்படையிலானது. இங்குள்ள சீல்கள் கனிம எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரால் ஆனவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊதி மென்மையாகி வீணாகிவிடும், பிறகு அமைப்பில் உள்ள ஒவ்வொரு சீலையும் மாற்ற வேண்டிவரும்.

அளவு பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஜாக்குகள் இறங்கியிருக்கும்போது ஆயிலின் பெரும்பகுதி சிலிண்டர்களுக்குள் இருக்கும். அப்போது தொட்டியைத் திறந்தால் குறைவாகத்தான் தெரியும். அதைப் பார்த்து நிரப்பினால், ஜாக்குகளை ஏற்றும்போது திரும்பி வரும் ஆயில் மூடி வழியாக வழிந்து வண்டியின் அடியெல்லாம் சிவப்பாகிவிடும். பிறகு அதையே கசிவு என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லா ஜாக்குகளையும் முழுவதும் ஏற்றிவிட்டு, வாயிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே அல்லது தயாரிப்பாளர் போட்ட கோடு வரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் நீளும் அறைகளும் அதே பம்பில் இயங்கினால், அவை எந்த நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். தொட்டி மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். அந்த மூடிக்குள்ளேயே தொட்டி மூச்சுவிடும் சிறு வழியும் இருக்கும். அது அடைபட்டால் பம்ப் ஆயிலை இழுக்கத் திணறி இரையும், மூடி விரிசல் கண்டாலோ மழைநீர் உள்ளே இறங்கும்.

நிறம் நிறையவே சொல்லும். தெளிந்த சிவப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால் நீர் சேர்ந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும், ஏனெனில் அந்த நீர் வால்வுகளின் நுண்ணிய பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தாலும் மாற்ற வேண்டியதே. நுரைத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு எல்லா ஜாக்குகளையும் முழுவதும் இறக்கி ஏற்றுவதை இரண்டு மூன்று முறை செய்து, ஒவ்வொரு முறையும் அளவைச் சரிபார்த்தால் காற்று தொட்டி வழியாக வெளியேறிவிடும். ஆயிலை மாற்றும் காலம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது. 24 மாதம் என்று சொல்வோரும் உண்டு. நீங்கள் பயன்படுத்திய வண்டியை வாங்கியிருப்பதால், நிறம் நன்றாக இருந்தாலும் ஒருமுறை மாற்றிவிட்டுக் கணக்கை அங்கிருந்து தொடங்குவது நல்லது. ஜாக்குகள் எல்லாம் ஏறியிருக்கும்போது தொட்டியிலுள்ளதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, ஜாக்குகளை ஓட்டிவிட்டு, மறுபடி நிறம் பாருங்கள். ஹோஸ்களில் தங்கியிருந்த பழைய ஆயில் கலந்து மங்கலாக இருந்தால் இன்னொரு சுற்று மாற்றுங்கள்.

உங்கள் பம்பின் முனகலுக்கு வருகிறேன். மெதுவாக ஓடும் பம்பைப் பார்த்ததும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது வழக்கம். ஆனால் அந்த மோட்டார் சுமையின்போது 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடியது. அவ்வளவு மின்னோட்டத்தில், ஒரு டெர்மினலில் வெறும் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். பேட்டரியில் ஒன்று, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயில் ஒன்று, எர்த் கேபிளில் ஒன்று என்று மூன்று இடங்களில் இப்படி இழந்தால், 12 வோல்டுக்கான மோட்டார் 9 வோல்டில் தள்ளாடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும், மற்றொரு முனையைப் பம்ப் மோட்டாரின் பாசிட்டிவ் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, உதவிக்கு இருப்பவரை உள்ளிருந்து ஜாக்கை இறக்கச் சொல்லுங்கள். ஜாக் தரையைத் தொட்டு வண்டியைத் தூக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் எண், வழியில் இழந்த வோல்டேஜ். அது அரை வோல்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்றுக்கு மேல் போனால் அந்தப் பாதையில் எங்கோ துருப்பிடித்த இணைப்போ கருகிய ரிலே முனையோ இருக்கிறது. இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பிலும் முனையை நகர்த்தி அளந்தால் அதுவே அகப்பட்டுவிடும். இதே சோதனையை மோட்டாரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் இடையில் செய்யுங்கள். பலர் மறப்பது இந்த எர்த் பக்கத்தைத்தான். சேசிஸில் பெயிண்ட்டின் மேலேயே முடுக்கப்பட்ட எர்த் கேபிள்கள் எவ்வளவோ பம்புகளின் மீது பழி சுமத்தியிருக்கின்றன. பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, முனைகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, இறுக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். வண்டியை மட்டப்படுத்தும்போது எஞ்சினை ஓடவிடுவது, கையேடு அதைத் தடுக்காதவரை, நல்ல பழக்கம். ஆல்டர்னேட்டரின் துணை கிடைக்கும். இவையெல்லாம் சரியாக இருந்து, ஆயிலும் அளவாக இருந்து, அப்போதும் பம்ப் முனகினால்தான் உறிஞ்சுக்குழாயின் வலை வடிகட்டியையும், அடுத்ததாகப் பம்பையும் சந்தேகிக்க வேண்டும். கடுங்குளிரில் ஆயில் கெட்டியாகி மெதுவாக ஓடுவது வேறு விஷயம், அது பழுதல்ல.

இறங்கும் மூலையைப் பற்றிச் சொல்வதற்கு முன், எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தீர்களா? ஹைட்ராலிக் ஆயில் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 0.07 விழுக்காடு சுருங்கும். மாலையில் மட்டப்படுத்திய வண்டியில் விடியற்காலைக்குள் ஆயில் 20 டிகிரி குளிர்ந்தால் சுருக்கம் 1.4 விழுக்காடு; 30 செ.மீ. நீண்டிருக்கும் ஜாக்கில் அது 4 மி.மீ.க்குச் சற்று மேல். இது இயற்கை, பழுதல்ல. அதிகம் நீண்டிருக்கும் ஜாக்தான் அதிகம் உள்வாங்கும் என்பதால், ஒரு மூலை மட்டும் இறங்குவதுபோலத் தோன்றுவதும் இதனால்தான். இரவில் திடீரென்று ‘டக்’ என்று ஜாக் சத்தம் போடுவதற்கும் பெரும்பாலும் இதே சுருக்கந்தான் காரணம். உலர்ந்த சீல் ராடைப் பிடித்து வைத்திருந்து சட்டென விடுகிறது. சிலிகான் அடித்தால் குறையும். பாதத் தட்டுக்குக் கீழே மண் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால், காற்றை வெளியேற்றாமல் மட்டப்படுத்தியிருந்தால், இரவில் காற்று கசியக் கசிய எடை ஜாக்கின் மீது மாறிக்கொண்டிருக்கும்.

இவை எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று செ.மீ. இறங்குகிறது என்றால் ஆயில் எங்கோ போகிறது. ஒருவழி ஜாக்கில் அது போவதற்கு இரண்டே வழிகள்: சீல், ஹோஸ், இணைப்பு வழியாக வெளியே, அல்லது வால்வு வழியாகத் தொட்டிக்கு. வெளியே ஈரமே இல்லையென்றால் வால்வுதான். அதை உறுதிசெய்ய, எல்லா ஜாக்குகளையும் முழுவதும் ஏற்றி அழுத்தத்தை விடுவித்து, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, இறங்கும் மூலையின் வால்வையும் ஒழுங்காக நிற்கும் ஒரு மூலையின் வால்வையும் ஒன்றோடொன்று மாற்றி மாட்டுங்கள். பழுது புதிய மூலைக்குப் போனால் வால்வு உறுதி. பல நேரம் அதன் இருக்கையில் ஒரு சிறு துகள் சிக்கியிருக்கும். கழற்றிச் சுத்தமான ஆயிலில் அலசி, அதிலுள்ள ரப்பர் ஓ-வளையங்களைப் புதிதாக்கி மாட்டினாலே சரியாகிவிடும். பழுது பழைய மூலையிலேயே நின்றால் ஹோஸையும் ஜாக்கையும் மறுபடி தேடுங்கள். இருவழி ஜாக்கில் மூன்றாவது வழியும் உண்டு: உள்ளே பிஸ்டன் சீல் தேய்ந்து ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நழுவும். அது வெளியே தெரியாது, பணிமனை வேலை.

ஏற மறுக்கும் ஜாக்குக்கு ஸ்பிரிங் தளர்ந்தது, ராடு வளைந்தது அல்லது அழுக்கேறியது, வால்வுக்கு மின்சாரம் போகாதது ஆகியவை காரணங்கள். ஸ்பிரிங்குகளை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே மாற்றுங்கள். ஹோஸ்களைச் சேசிஸின் விளிம்பு உரசும் இடங்களிலும் புகைபோக்கிக் குழாயின் அருகிலும் பாருங்கள். வெளி ரப்பர் வெடித்து உள்ளே கம்பி வலை தெரிந்தால் அந்த ஹோஸ் போக வேண்டியதுதான். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அதன் நார் பிய்ந்து வால்வுக்குள் போய்ச் சிக்கும், மேலே சொன்ன தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பயன்படுத்தும் முறையும் பராமரிப்பில் சேர்த்திதான். ஜாக்குகளை முன் ஜோடி, பின் ஜோடி அல்லது ஒரு பக்க ஜோடி என்று இரண்டிரண்டாக இயக்குங்கள். ஒரே மூலையை மட்டும் உயர்த்தினால் சேசிஸ் முறுகும். கதவுகள் இறுகுவதும் முன்கண்ணாடியில் விரிசல் விழுவதும் அதன் விளைவுகள். சரிவு அதிகமான இடத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும் அளவுக்குத் தூக்காதீர்கள். குறிப்பாகப் பின்சக்கரங்களை: பார்க்கிங் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் அவற்றைத்தான் பிடித்திருக்கிறது, அவை எழுந்துவிட்டால் வண்டியை நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் சக்கரங்களுக்குக் கீழே கட்டை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்துங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். தானாக மட்டப்படுத்தும் அமைப்பு கோணலாகவே நிறுத்துகிறது என்றால் ஜாக்குகளைக் குறை சொல்வதற்கு முன், வண்டியின் நடுத்தளத்தில் ரசமட்டம் வைத்துக் கைமுறையில் மட்டப்படுத்தி, அந்த நிலையைச் சென்சாருக்குப் பூஜ்ய நிலையாகப் பதிவு செய்யுங்கள். அம்மோனியா உறிஞ்சல் முறைக் குளிர்பெட்டி இருந்தால் இது வசதிக்காக மட்டுமல்ல. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்ற வரம்பைத் தாண்டிய சரிவில் நெடுநேரம் இயங்கினால் அதன் குளிர்விக்கும் பகுதி நிரந்தரமாகவே கெடும்.

கடைசியாக, மின்சாரம் முற்றிலும் போனால் ஜாக்குகளைக் கையால் ஏற்றும் வழி உங்கள் வண்டியில் எது என்று இப்போதே, பகல் வெளிச்சத்தில், ஒருமுறை செய்து பாருங்கள். சிலவற்றில் வால்வுகளின் மேல் டி வடிவக் கைப்பிடி இருக்கும்; அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும், ஏனெனில் திறந்ததும் வண்டி அந்தப் பக்கம் இறங்கும், யாரும் அருகிலோ அடியிலோ இருக்கக் கூடாது. வேறு சிலவற்றில் மோட்டாரின் தலையில் உள்ள அறுகோண முனையைப் பேட்டரி டிரில்லால் சுழற்ற வேண்டும். அதற்குப் பொருந்தும் சாக்கெட்டை வாங்கி, ஒரு லிட்டர் ஆயிலோடும் ஒரு செட் ஓ-வளையத்தோடும் பம்ப் பெட்டிக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள்.